கோடு கோடாக ஒரு எழுத்து



சீன எழுத்தாளர் லூ சுன் 1921-22ல் எழுதிய 'ஆ க்யூவின் உண்மைக் கதை'யை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆ க்யூ ஒரு கூலிக்காரன். கோதுமை அறுப்பான், நெல் குத்துவான், படகு தள்ளுவான். செய்யாத கொள்ளைக்காக அவனைப் பிடித்துக் கொண்டுபோய், ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எழுதத் தெரியாது என்கிறான். அப்படியானால் ஒரு வட்டம் போடு என்கிறார்கள். தூரிகை பிடித்த கை நடுங்குகிறது. வட்டம் கோணிக்கொண்டு பழவிதை மாதிரி வருகிறது. உருண்டையாக வரவில்லையே என்று வெட்கப்படுகிறான் அந்த ஏழை! அந்தக் காகிதம் தன் உயிருக்கு வைத்த உலை என்பது அவனுக்குத் தெரியவில்லை.

கைநாட்டு வைத்துக் கடன் பத்திரத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்தக் கதையை நாங்கள் விளக்க வேண்டியதில்லை.

சரி, ஆ க்யூ எழுதப் படிக்க வேண்டுமானால் எங்கே தொடங்குவது? தமிழில் 247 எழுத்தைக் கற்றுக்கொண்டால் எந்தச் சொல்லையும் கூட்டிப் படித்துவிடலாம். சீனத்தில் அப்படி ஓர் அரிச்சுவடி கிடையாது. பேச்சின் ஒவ்வொரு அசைக்கும் அதன் பொருளுக்கு ஏற்பத் தனித்தனி எழுத்து. பத்திரிகை படிக்க இரண்டாயிரம், மூவாயிரம் எழுத்து வேண்டும். கேட்டாலே மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த ஆயிரங்களையும் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பவை சில கோடுகள்தான். படுக்கைக் கோடு, நெட்டுக் கோடு, இடப்பக்கமோ வலப்பக்கமோ சரியும் கோடு, புள்ளி, மடங்கும் கோடு, கொக்கி.

'வயல்' என்ற எழுத்தைப் பாருங்கள். நான்கு பாத்தி கட்டிய நிலம் போலவே இருக்கும். ஐந்து கோடு. முதலில் இடது வரப்பு, மேலிருந்து கீழே. இரண்டாவது மேல் வரப்பு. கையை எடுக்காமல் அதையே மடக்கி வலது வரப்பாக இறக்க வேண்டும். பிறகு நடுவே ஒரு குறுக்கு வரப்பு, அதை வெட்டி ஒரு நெட்டு வரப்பு. அடி வரப்பு கடைசியில்தான். உள்ளே நுழைந்த பிறகு கதவைச் சாத்து என்று சீனப் பள்ளிக்கூடங்களில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மேலே உள்ளது முதலில், கீழே உள்ளது பிறகு. இடது முதலில், வலது பிறகு. இந்த வயலுக்கு அடியில் 'வலிமை' என்ற எழுத்தை வைத்தால் 'ஆண்' என்று பொருள். நாற்று நட்ட பெண்களை அந்த எழுத்தை உண்டாக்கியவர்கள் மறந்துவிட்டார்கள் போலும்!

வடிவம் வந்தால் போதாதா, வரிசை எதற்கு? நியாயமான கேள்விதான். ஒரே வரிசையில் எழுதி எழுதிப் பழகினால் மனம் மறந்ததைக் கை ஞாபகம் வைத்திருக்கும். அறுந்த இழையை ஒட்டுகிற ஆலைத் தொழிலாளி யோசித்து யோசித்தா ஒட்டுகிறார்? அவசரத்தில் கோடுகளைச் சேர்த்து எழுதும்போதும் வரிசை பிசகினால் அடுத்தவர் படிக்க முடியாது.

உழைப்பாளிக்கு இது வருமா என்று சந்தேகப்பட்டவர்கள் உண்டு. முதல் உலக யுத்தத்தில் பிரிட்டனும் பிரான்சும் ஏறத்தாழ 1,40,000 சீனத் தொழிலாளிகளைக் கொண்டுபோய்க் குழி தோண்டவும் மூட்டை சுமக்கவும் வைத்தன. பெரும்பாலோருக்கு எழுத்து தெரியாது. அங்கே போன யென் யாங்சூ என்ற இளைஞர் இரவு நேரத்தில் அவர்களுக்காக வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எழுத எழுதத் தீரவில்லை. 1918ல் அவர்களுக்கே எழுதக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். பகலெல்லாம் மண் சுமந்தவர்கள் மாலையில் உட்கார்ந்து படித்தார்கள். 1919ல் அவர்களுக்கென்றே ஒரு வாரப் பத்திரிகையும் வந்தது. யென் கம்யூனிஸ்ட் அல்ல, கிறிஸ்தவ வாலிபர் சங்கத்துக்காரர். ஆனால் கூலிக்காரனின் அறிவை மதித்தவர். அதை மறைப்பது நியாயமாகாது.

1949ல் சீனத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் எழுத்தறியாதவர்கள். 1956ல் மக்கள் சீன அரசு ஓர் அளவு வைத்தது: விவசாயிக்கு 1,500 எழுத்து, தொழிலாளிக்கு 2,000. அதே ஆண்டில் எழுத்துக்களையும் சுருக்கினார்கள். 'விவசாயம்' 13 கோட்டிலிருந்து 6 ஆயிற்று. 'ஆலை' 15 கோட்டிலிருந்து 2 ஆயிற்று! ஆலைக்குள்ளே இருந்ததையெல்லாம் காலி செய்துவிட்டார்கள், 'அன்பு' எழுத்திலிருந்து இதயத்தைப் பிடுங்கிவிட்டார்கள் என்று குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. ஹாங்காங்கிலும் தைவானிலும் இன்றும் பழைய வடிவம்தான். பழைய எழுத்தின் அழகை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து, கண் சொக்க விளக்கடியில் உட்கார்ந்தவனுக்கு 13 கோடு மிச்சம் என்பது சின்ன விஷயமா?

எல்லாம் ஒரே மூச்சில் நடக்கவில்லை. வகுப்பு நின்றதும் கற்றதை மறந்தவர்கள் ஏராளம். அவர்களைத் திரும்பவும் உட்கார வைக்க வேண்டியிருந்தது. 2020 கணக்கெடுப்பில் எழுத்தறியாதவர்கள் நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு. இப்போது வேறொரு தொல்லை. கைப்பேசியில் ஒலியைத் தட்டினால் எழுத்து தானே வந்து நிற்கிறது. படித்த இளைஞர்களே பேனாவை எடுத்ததும் கோடு மறந்து விழிக்கிறார்கள்.

'ஆலை'யை எழுதிக் காட்டுகிறோம். இடமிருந்து வலமாக ஒரு படுக்கைக் கோடு. அதன் இடது முனையில் தொடங்கி, இடப்பக்கம் சரிந்து இறங்கும் இன்னொரு கோடு. கூரையும் ஒரு பக்கச் சுவரும் மாதிரி. அவ்வளவுதான். பென்சில் இல்லாதவர்கள் தரையில் விரலால் எழுதுங்கள். படுக்கைக் கோடு முதலில்.