நான்காவது சிலிண்டர்

(அறிவியல் ஆசிரியர்களுக்கான வட்டார அளவிலான பயிற்சியில் பேசியது)

கற்றல் துணைக்கருவிகள் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் என் காரிலிருந்து தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய கார்தான், பெட்ரோல். காலையில் ஸ்டார்ட் செய்ததும் குலுங்கும். சூடேறினால் சரியாகிவிடும். டேங்கில் ஊற்றும் கிளீனர் இரண்டு பாட்டில் ஊற்றியும் பயனில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. பல எஞ்சின்களில் பெட்ரோல், இன்டேக் வால்வின் பின்புறம் தெளிக்கப்படும். போகிற போக்கில் வால்வையும் கழுவிவிடும். என் காரில் அது நேராக சிலிண்டருக்குள் பாய்கிறது, வால்வைத் தொடுவதே இல்லை. எஞ்சினுக்குள்ளிருந்து வரும் ஆயில் ஆவி மட்டும் காற்றோடு வந்து, சூடான வால்வில் ஒட்டி, தோசைக்கல்லில் தீய்ந்த எண்ணெய் போல இறுகிவிடுகிறது.

பட்டறைகளில் வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சிக் கரியை எடுப்பார்கள். கேட்ட கூலி எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கோடை விடுமுறையில் நானே இறங்கினேன்.

எஞ்சின் நன்றாக ஆறியபின் பேட்டரி இணைப்பையும் ஸ்பார்க் பிளக்குகளையும் இன்டேக் மேனிஃபோல்டையும் கழற்றினேன். போல்ட்டுகளை இட்லித் தட்டின் குழிகளில் வரிசையாக வைத்தேன். வீட்டில் அதற்குத் தனி விசாரணை நடந்தது. உள்ளே எட்டு வால்வுகளும் கன்னங்கரேல். வால்வு மூடியிருக்கும் சிலிண்டரில் மட்டும் கிளீனரை ஊற்றி ஊறவிட வேண்டும். நைலான் பிரஷால் தேய்த்து, சிரிஞ்சால் உறிஞ்சித் துடைக்க வேண்டும். வீட்டு வேக்குவம் கிளீனரால் உறிஞ்சிவிடாதீர்கள்; மோட்டாரின் பொறி ஆவியைப் பற்றவைத்துவிடும்.

முதல் சிலிண்டர், அமுக்க வீச்சின் உச்சியில் வைத்து, நன்றாகவே முடிந்தது. அடுத்து நான்காவதில் ஊற்றினேன். ஒன்றும் நான்கும் சேர்ந்தே ஏறி இறங்கும் பிஸ்டன்கள். ஆகவே அங்கும் வால்வு மூடியிருக்கும் என்று நானாக முடிவு செய்துகொண்டேன்.

அருகில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன் ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் மாணவன், ஒரு மெக்கானிக்கின் மகன். வகுப்பில் வாயே திறக்காதவன். "சார், ஊத்துனது இறங்குது" என்றான்.

எட்டிப் பார்த்தேன். உண்மைதான்.

"ஒண்ணு அமுக்குறப்ப நாலு புகையைத் தள்ளி முடிக்கும் சார். அப்ப ரெண்டு பக்க வால்வும் லேசாத் தெறந்திருக்கும்."

எரி வரிசை 1-3-4-2 என்று எனக்கும் தெரியும். ஆனால் அதன் பொருளை அவன் சொல்லித்தான் கேட்டேன். திரவத்தை அமுக்க முடியாது என்று பாய்மங்கள் பாடத்தில் அவனுக்கு நடத்தியவன் நான். கவனிக்காமல் எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். பிளக் துளை வழியே மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சினோம். பிறகு கிராங்கைக் கையால் சுற்றி மிச்சத்தையும் வெளியேற்றினோம். எஞ்சின் ஆயிலையும் மாற்றினேன். மீதி மூன்று சிலிண்டர்களிலும் அவன் "மூடியிருக்கு சார்" என்று சொன்ன பிறகே பாட்டிலைத் தொட்டேன்.

என் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே 'மெல்லக் கற்பவர்' என்று எழுதியிருந்தேன். என் கையெழுத்துதான்.

ஜூனில் பள்ளி திறந்ததும் நான்கு வீச்சு எஞ்சினை அவனையே நடத்தச் சொன்னேன். முதல் நாள் மறுத்துவிட்டான். இரண்டாம் நாள் நான்கு பேரை எழுப்பி வரிசையாக நிற்க வைத்தான். ஒன்றும் நான்கும் சேர்ந்து எழுவார்கள், இரண்டும் மூன்றும் சேர்ந்து உட்காருவார்கள். ஆனால் ஒவ்வொருவர் கையிலும் உள்ள வால்வு அட்டை வேறு வேறு நேரத்தில் திறக்கும். ஒன்றாம் எண்ணைப் பார்த்து நான்காம் எண் தன் அட்டையைத் திறந்தால் வகுப்பே சிரித்துவிடும்.

அந்த அட்டைகளைக் கொண்டு வந்திருக்கிறேன். முதல் வரிசையில் இருக்கும் ஆசிரியர்கள் நான்கு பேர் எழுந்து வாருங்கள்.