முடி உதிர்ந்த சகோதரிகளுக்குத் தலைத்துணி

(அறக்கட்டளையின் மகளிர் நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



இன்று எங்கள் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறோம். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் நம் மஹல்லாச் சகோதரிகளுக்கு மருந்துச் செலவோடு தலைத்துணியும் கொடுப்போம் என்று முடிவு செய்தோம். பளபளப்பான பாலியஸ்டர் ஹிஜாப்களும் ஒரு டப்பா ஊசியும் வாங்கிக் கொடுத்தோம். ஒரே வாரத்தில் ஒரு பொட்டலம் அப்படியே திரும்பி வந்தது. கொண்டு வந்த மகள் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. இது தலையில நிக்காம வழுக்குது. வெளிய போக உம்மாகிட்ட துப்பட்டி இருக்கு. வீட்டுக்குள்ள போட்டுக்கத்தான் ஒண்ணும் இல்ல. பேரப்புள்ள பக்கத்துல வர பயப்படுறான்னு அழுறாங்க."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. "நாமதான் எப்பவும் முக்காடு போடுறோமே, முடி போனா யாருக்குத் தெரியும்?" என்று நம் வீடுகளில் ஆறுதலாகச் சொல்கிறோம். அது ஆறுதல் ஆகாது. ஹிஜாப் அந்நியர் பார்வைக்கு. முடி இழந்த பெண் வருந்துவது கணவர் முன்னால், பிள்ளைகள் முன்னால், வீட்டுக் கண்ணாடி முன்னால். அவருக்கு முதலில் தேவை வீட்டுக்குள் போடும் மெத்தென்ற தொப்பிதான்.

பிறகு சிகிச்சை முடித்த சகோதரிகளிடமும் தையல் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

கீமோதெரபி மருந்துகள் எல்லாமே முடியை உதிர்ப்பதில்லை. உதிர்க்கும் மருந்தானால், பெரும்பாலும் தொடங்கிய 2 முதல் 4 வாரங்களில் உதிரத் தொடங்கும். ஆகவே மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, தொப்பியைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் சிலருக்குத் தலைத்தோல் தொட்டாலே வலிக்கும்.

உள்தொப்பிக்குப் பருத்தி பனியன் துணியே நல்லது. இழுத்தால் கொடுக்கும், வியர்வையை உறிஞ்சும். தையல் விளிம்பு தலையில் உறுத்தாமல் வெளிப்பக்கம் வரட்டும். முடி போனதும் தலைச்சுற்றளவு சற்றுக் குறையும் என்பதால் பழைய அளவில் தைக்காதீர்கள். கழற்றும்போது நெற்றியில் சிவந்த கோடு பதிந்திருந்தால் எலாஸ்டிக் இறுக்கம் என்று பொருள். புதுத் துணியை ஒருமுறை அலசிய பிறகே போடுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மாற்றிக்கொள்ள மூன்றாவது வேண்டும். இரவில் தலை குளிரும், தூங்கவும் ஒன்று இருக்கட்டும்.

வெளியே போகும்போது அதே உள்தொப்பியின் மேல் மெல்லிய பருத்தித் துப்பட்டாவைச் சுற்றினால் வழுக்காது. ஊசி குத்த வேண்டாம். முடிச்சுப் போட்டாலே நிற்கும். சிகிச்சைக் காலத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும்போது சிறு ஊசிக்குத்தும் சீழ் வைக்கலாம்.

திட்டுத் திட்டாக முடி கொட்டும் நோய் உள்ளவர்களுக்கும் இதே துணி பொருந்தும்.

உளூவைப் பற்றிக் கேட்கிறார்கள். முடி இல்லாத தலையிலும் ஈரக் கையால் மெல்லத் தடவலாம். ஷாஃபிஈ மத்ஹபில் தலையின் ஒரு சிறு பகுதியைத் தடவினாலே போதும். ஹனஃபி மத்ஹபில் கால் பகுதி. அதுவும் வலித்தால், அல்லது விக் வைப்பது பற்றி ஐயம் இருந்தால், நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சகோதரர்களே, உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மனைவியோ தாயோ தொப்பியைக் கழற்றும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். பிள்ளைகளிடம், "இது மருந்தால வந்தது, ஒட்டாது, இன்ஷா அல்லாஹ் மறுபடியும் முளைக்கும்" என்று முன்பே சொல்லி வையுங்கள். பெரும்பாலோருக்குச் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் முடி திரும்பி வருகிறது.

இப்போது நம் தையல் வகுப்பிலேயே தொப்பிகள் தைக்கிறோம். வேண்டியவர்கள் மகளிர் பொறுப்பாளரிடம் தலையளவை மட்டும் சொல்லி அனுப்புங்கள். யாருக்கு என்று கேட்க மாட்டோம். புகைப்படமும் எடுக்க மாட்டோம். பொட்டலத்தைத் திருப்பி அனுப்பிய அந்தத் தாயாருக்கு முதல் மூன்று தொப்பிகளும் போய்ச் சேர்ந்தன. அல்ஹம்துலில்லாஹ்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.