ஈடின்றிக் கடன் பெறுதல்



நம் கிராமங்களில் ஒருவர் கைமாற்று கேட்டால், கொடுப்பவர் பத்திரம் கேட்பதில்லை. முன்பு வாங்கியதைச் சொன்ன நாளில் திருப்பிக் கொடுத்தவரா என்றே யோசிக்கிறார். அந்த ஞாபகத்தையே இன்று பாங்குகள் பதிவாக வைத்திருக்கின்றன. இதற்கென 2005இல் சட்டமும் இயற்றப்பட்டது. சிபில் முதலிய நான்கு நிறுவனங்கள் கடன்தாரர்களின் கணக்குகளைத் திரட்டி, 300 முதல் 900 வரை மதிப்பெண் இடுகின்றன.

"கடனே வாங்கியறியாத எமக்கு என்ன குறை?" என்று பெரியவர்கள் சிலர் நம்மிடம் கேட்பதுண்டு. குறை ஒன்றுமில்லை, ஆனால் பாங்கு அவரை அறியாது. பழைய பதிவு இல்லை என்பது ஒன்றையே காரணமாக்கி, முதன்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பலாகாதென ரிசர்வ் பாங்கு அறிவுறுத்தியிருக்கிறது. தயங்கி நிற்பவருடன் அங்கத்தினர் ஒருவர் பாங்குக்கு ஒரு நடை சென்று வருதல் நலம்.

விவசாயிக்கு உகந்த முதற்படி கிசான் கிரெடிட் கார்டு. 1998இல் தொடங்கிய திட்டம் அது. ஈடின்றிக் கொடுக்கும் வரம்பு 1 லட்சத்து 60 ஆயிரம் ரூபாயாக இருந்து, 2025 ஜனவரி முதல் 2 லட்சமாக உயர்ந்தது. அதுவரை நிலத்தை அடமானம் வைக்க வேண்டுவதில்லை. விளையும் பயிரின் பொறுப்பே போதும். சிட்டா, அடங்கல், ஆதார், புகைப்படம் ஆகியவற்றுடன் விண்ணப்பிக்கலாம். பயிருக்கு ஏக்கருக்கு இவ்வளவு என்று மாவட்டந்தோறும் கடனளவு நிர்ணயிக்கப்படுகிறது. வரம்பு 2 லட்சம் என்பதற்காக அரை ஏக்கர் நெல்லுக்கு 2 லட்சம் கேட்டால், விண்ணப்பம் மேசையிலேயே தங்கிவிடும்.

2025-26இல் இக்கடனுக்கு, 3 லட்சம் ரூபாய் வரை, வட்டி 7 சதவீதம். தவணைக்குள் செலுத்தியவருக்கு 3 சதவீதம் குறைந்து, 4 சதவீதமே ஆகிறது. வெளியில் மாதம் மூன்று வட்டிக்கு வாங்குபவரோ ஆண்டுக்கு நூற்றுக்கு 36 ரூபாய் கொடுக்கிறார். தள்ளுபடி வருமென்று காத்திருந்து தவணையைத் தவறவிடுவோரும் உண்டு. தள்ளுபடி வந்தாலும் வராவிட்டாலும், தவறிய தவணை பதிவில் ஏறிவிடுகிறது. மகசூல் பொய்த்துவிட்டால், தவணை நாளுக்கு முன்பே பாங்குக்குச் சென்று கால நீட்டிப்புக் கேட்பதே முறை.

ஜாமீன் விஷயத்தில் நம்மவர் தாராளமானவர்கள். பங்காளி கேட்டார், சம்பந்தி கேட்டார் என்று கையெழுத்திட்டுவிட்டு மறந்துபோகிறோம். அந்தக் கடனும் நம் பெயரிலுள்ள பதிவில் காணப்படும். அவர் செலுத்தத் தவறினால் நமது விண்ணப்பம் தடைப்படலாம். உறவைக் கருதி மறுக்க இயலாதெனில், அவர் தவணை கட்டிய ரசீதையாவது கேட்டுப் பார்த்தல் வேண்டும். இதில் கூச்சத்திற்கு இடமில்லை.

ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உடையவர் நம் ஊர்களில் பலர். ஆகையால் ஒருவர் கடன் மற்றவர் கணக்கில் ஏறிவிடக் கூடும். இந்நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொருமுறை முழு அறிக்கையை இலவசமாகக் கொடுக்கக் கடமைப்பட்டவை. பிழை கண்டால் எழுத்துமூலம் புகார் செய்யலாம். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிடில், அதன்பின் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு பெற விதி உண்டு. புகார் கொடுத்த ரசீதையும் தேதியையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.