ஒரு கரண்டி உறை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"உன் பொழுதுபோக்கு பற்றிப் பத்து நிமிஷம் பேசு" என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டார். "வீட்டில் பீர் காய்ச்சுவது" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

நான் இருப்பது அமெரிக்காவில். சொந்த உபயோகத்துக்கு வீட்டில் பீர் தயாரிக்க 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அங்கே வழிவிட்டது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை. நம்ம ஊரில் லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் குற்றம். ஆகவே ஹாஸ்டல் தம்பிகள் இதைச் செய்முறைப் பாடமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று வார்டன் சார் முன்னிலையிலேயே சொல்லிவிடுகிறேன்!

நான் பேச வந்தது அந்த பீருக்கு ஊற்றும் உறையைப் பற்றி. பாலுக்கு உறை மோர் மாதிரி, முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த இனிப்புச் சாற்றுக்கு ஈஸ்ட். அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தருகிறது. உறை போதாவிட்டால் பால் என்ன ஆகும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை முழுக்க நின்று 19 லிட்டர் காய்ச்சினேன். கடை ஃபிரிட்ஜில் பல மாதம் கிடந்த ஒரு திரவ ஈஸ்ட் பாக்கெட்டை அப்படியே கொட்டினேன். மறுநாள் ஒரு குமிழ் இல்லை. மூன்றாம் நாளும் இல்லை. நாலாம் நாள் நுரை வந்தது, கூடவே புளித்த வாடையும் வந்தது. ஈஸ்ட் தூங்கிய நேரத்தில் வேண்டாத பாக்டீரியா பந்தியில் உட்கார்ந்துவிட்டது. அத்தனையும் சாக்கடைக்குப் போனது. தண்ணீர் சரியில்லை, மால்ட் சரியில்லை, தெர்மாமீட்டர் சரியில்லை என்றேன். அடுத்த மாதம் எல்லாவற்றையும் மாற்றி, ஈஸ்ட்டை மட்டும் மாற்றாமல், அதே தப்பை மறுபடி செய்தேன். என் மனைவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் ரொம்ப உறுத்தியது.

பிறகு பழைய மைக்ராஸ்கோப் ஒன்று வாங்கினேன். மெத்திலீன் புளூ ஒரு சொட்டு விட்டால் செத்த ஈஸ்ட் நீலமாகும், உயிருள்ளது நிறமில்லாமல் இருக்கும். அந்த மாதிரிப் பாக்கெட்டில் பார்த்தேன். பாதிக்கு மேல் நீலம்! எஞ்சினியர் என்று பெயர், ஆனால் எண்ண வேண்டியதை எண்ணாமலே வேலையில் இறங்கியிருக்கிறேன்.

கணக்கு சுலபம். சாதாரண ஏல் வகை பீருக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு, சர்க்கரை அளவான பிளேட்டோ டிகிரி ஒவ்வொன்றுக்கும் ஏழரை லட்சம் செல் வேண்டும். 19 லிட்டர், 12 டிகிரி என்றால் 17,100 கோடி. புதுப் பாக்கெட்டிலேயே சுமார் 10,000 கோடிதான் இருக்கும். நாளாக ஆக அதுவும் குறையும். லாகர் வகைக்குத் தேவை இரட்டிப்பு.

இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் ஸ்டார்ட்டர். ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் உலர்ந்த மால்ட் பொடி கலந்து, பதினைந்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அறை வெப்பத்துக்கு ஆறவைத்து, சுத்தமான கோனிகல் ஃபிளாஸ்க்கில் ஈஸ்ட்டோடு ஊற்ற வேண்டும். சாறு இதைவிடக் கெட்டியாக இருந்தால் ஈஸ்ட் திணறும். வாயை அலுமினியத் தாளால் தளர்வாக மூடினால் போதும். செல்லின் மேல்சவ்வு வளர ஆக்சிஜன் தேவை. கம்ப்யூட்டர் விசிறி மேல் பழைய ஹார்டு டிஸ்க் காந்தத்தை ஒட்டி, ஃபிளாஸ்க்குள் ஒரு காந்தக் குச்சியைப் போட்டால் அது ஓயாமல் கலக்கிக்கொண்டே இருக்கும். இரண்டு நாளில் ஈஸ்ட் இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பிறகு ஃபிரிட்ஜில் வைத்து, மேல்நீரை வடித்து, அடியில் படிந்த ஈஸ்ட்டை மட்டும் ஊற்றணும். மூன்றாவது தடவை அப்படிச் செய்தேன். மறுநாள் காலையிலேயே நுரை பொங்கிவிட்டது.

ஈஸ்ட்டை எண்ணுவது எப்படி என்று தேடியபோதுதான் இன்னொன்று தெரிந்தது. புள்ளியியல் பேப்பரில் 'ஸ்டூடண்ட்ஸ் டி-டெஸ்ட்' படித்தோமே, அந்த 'ஸ்டூடண்ட்' யார்? நான் யாரோ மாணவன் என்றே நினைத்திருந்தேன். அவர் டப்ளின் கின்னஸ் மது ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட். ஊழியர்கள் சொந்தப் பெயரில் ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆலை விடாததால் அந்தப் புனைபெயர். 1907-ல் வந்த அவருடைய கட்டுரை, ஈஸ்ட் செல்லை எண்ணும்போது எவ்வளவு பிழை வரும் என்பது பற்றியது. மறு வருஷம்தான் டி-டெஸ்ட். நான் 38 லிட்டரைச் சாக்கடையில் விட்டுக் கற்றதன் பாடப்புத்தகம் நாலு வருஷம் என் ஹாஸ்டல் ஷெல்ஃபிலேயே இருந்திருக்கிறது.

தம்பி தங்கைகளே, பரீட்சைக்காக மனப்பாடம் செய்யும் அந்த டேபிளுக்குப் பின்னால் ஒரு மனுஷன் மைக்ராஸ்கோப்பில் குனிந்து எண்ணிக்கொண்டிருந்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அண்டாவை அடுப்பில் ஏற்றுமுன் உறையில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டு நாள் தள்ளிப் போடுவதில் வெட்கமில்லை. எனக்கு அதைச் சொல்ல இங்கே ஆசிரியர்கள் இருந்தார்கள். கடைசி பெஞ்சில் நான்தான் காது கொடுக்கவில்லை.