கல் பங்களா மேட்டில் மூன்று வருஷம்
(ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



கோவையில் கல்லூரி இல்லையா, ஊட்டிக்கு ஏன் போனாய் என்று இன்றும் கேட்கிறார்கள. சினிமாவில் பார்த்த ஆசைதான், வேறென்ன! பவானியில் தறி நெய்த அப்பா ஒரு ஜமக்காளத்தைச் சுருட்டிக் கொடுத்து, மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏற்றிவிட்டார். விரிக்கிறதுக்குத்தானே ஜமக்காளம், 7,000 அடிக்கு மேலே அதைப் போர்த்தினால் குளிர் நிற்குமா? மூன்றாம் நாளே பெட்டியைக் கட்டிட்டேன். கோத்தகிரிப் பக்கத்துப் படுகர் நண்பன்தான் தன் கம்பளியைக் கொடுத்து என்னை நிறுத்தினான். (திருப்பிக் கொடுக்கவே இல்லை!)

ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய கல் பங்களா நிற்கும் மேட்டில்தான், 1955-ல் தொடங்கிய நம் கல்லூரி. ஜன்னலில் மூடுபனி வந்து நின்றால் கரும்பலகை தெரியாது. கடைசி பெஞ்சுக்குக் கொண்டாட்டம். ஞாயிறென்றால் அவன் வீட்டில் சுட்ட உருளைக்கிழங்கு.

இரண்டாம் வருஷம் அவன் அப்பா தவறிட்டார். தோட்டத்தைப் பார்க்கப் போனவன் பரீட்சைக்கு வரலை. நான் பட்டம் வாங்கினேன்.

படிப்பை முடிக்காதவர்களையும் நம் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்க்கணும். அவனுக்கான சந்தாவைக் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். பொருளாளர் ரசீது போடணும்.