பின்னுக்குத் தள்ளிய ரைமிங்



பழைய மொறிஸ் மைனர் காரொன்றை வாங்கித் திருத்தப் போகிறவர் வழமையாக என்ன கேட்பார்? எத்தனையாம் ஆண்டுக் கார், எஞ்சின் செய்ததா, அடித்தகடு கறள் பிடித்திருக்கிறதா என்று கேட்பார். திருகோணமலை மாவட்டத்தில் கிளிவெட்டி, மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கத்தில் வாங்குகிறவர் இன்னொன்றும் கேட்க வேண்டும். இந்தக் கார் எப்போதாவது மண்ணெண்ணெயில் ஓடியதா? ஓடியிருந்தால் அதன் தடம் இன்றைக்கும் ஓரிடத்தில் இருக்கக்கூடும். எஞ்சினின் பக்கவாட்டில், கறுத்த மூடியோடும் ஐந்து தடித்த வயர்களோடும் நிற்கிற டிஸ்ரிபியூட்டர்தான் அந்த இடம்.

இந்தப் பேச்சுக்கு இப்போது ஒரு தேவை இருக்கிறது. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியும். மரத்தடியில் நின்றவை, வைக்கோலுக்குப் பின்னால் நின்றவை எல்லாம் வெளியே வந்தன. திருத்துகிற இளம் பிள்ளைகளுக்கு முச்சக்கர வண்டியும் மோட்டார் சைக்கிளும் தண்ணீர்பட்ட பாடு. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் என்றால் டீசல். அதில் பிளக்கே இல்லை. பொயின்ற் வைத்த டிஸ்ரிபியூட்டரைக் கழற்றிப் பூட்டிய கை குறைந்துவிட்டது.

அது செய்கிற வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். பற்றரியில் இருப்பது 12 வோல்ற். அதை வைத்துப் பிளக்கின் இடைவெளியில் பொறி பறக்க வைக்க முடியாது. கொயிலுக்குள் ஓடுகிற கரண்டைச் சடுதியாக அறுத்தால், கொயிலின் மற்றச் சுற்றில் பதினையாயிரம் வோல்ற்றுக்குக் குறையாத அழுத்தம் எழும்பும். அறுக்கிற வேலையைச் செய்வது பொயின்ற். எழும்பிய மின்சாரத்தை எந்தச் சிலிண்டருக்கு அனுப்புவது என்று பார்ப்பது றோட்டர். அமெரிக்கரான சார்ள்ஸ் கெற்றரிங் இந்த ஒழுங்கை உருவாக்க, 1910ஆம் ஆண்டுக் கடிலாக் கார் அதோடு தெருவுக்கு வந்தது. அதற்குப் பிறகு அறுபது வருடத்துக்கு மேல் உலகத்துப் பெற்றோல் கார்களில் பெரும்பாலானவை இந்த முறையில்தான் ஓடின.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் லண்டன் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமானது. பதினாறு இலட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதன் டிஸ்ரிபியூட்டர் லூக்காஸ் கம்பனியின் வேலை. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றும்போது அது ஒரு செக்கனில் 100 பொறி கொடுக்க வேண்டும். கூத்தில் அண்ணாவியார் தாளத்தை ஒரு மாத்திரை தவறவிட்டால் ஆடுகிறவர்கள் அத்தனை பேரும் தடுமாறுவார்கள் அல்லவா, இதுவும் அப்படித்தான்.

எந்தக் கணத்தில் பொறி பறக்க வேண்டும் என்பதுதான் ரைமிங். பிஸ்ரன் உச்சிக்கு வரச் சற்று முன்னரே பொறி பறக்க வேண்டும். எரிவதற்குக் கொஞ்ச நேரம் எடுக்கும் என்பதால் இந்த முந்தல். எவ்வளவு முந்த வேண்டும் என்பதை எஞ்சின் மட்டும் தீர்மானிப்பதில்லை. ஊற்றுகிற எண்ணெயும் தீர்மானிக்கிறது. இன்று நாங்கள் அடிக்கும் சாதாரண பெற்றோல் ஒக்ரேன் 92. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அதற்குக் கிட்டவும் வராது. அழுத்தமும் சூடும் ஏறும்போது அது பொறியின் ஒழுங்குக்கு அடங்காமல் தானாகவே வெடிக்கப் பார்க்கும். எஞ்சினுக்குள் சுத்தியலால் தட்டுகிற சத்தம் கேட்கும். விட்டால் பிஸ்ரன் உடையும்.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்கிலும், கிழக்கில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்களிலும் பெற்றோல் குதிரைக்கொம்பாக இருந்தது. ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்துக்கொண்டு, காபரேற்றருக்குள் கொஞ்சம் பீச்சி ஸ்ரார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். பின்னால் வரும் புகை மணத்தை அந்தக் காலத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சீனன்குடாவில் பிரித்தானியர் கட்டிய பிரமாண்டமான எண்ணெய்க் குதங்கள் 99 நிற்கிற மாவட்டம் இது. அதே குடாவுக்கு இந்தப் பக்கம் போத்தலில் பெற்றோலை அளந்து பீச்சினோம்.

இதை ஏதோ நாங்கள் செய்த கோமாளித்தனம் என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் ஃபேர்கசன் உழவு இயந்திரத்தில் ஒரு வகையை, இதே முறையில் ஓடுவதற்கென்றே 1949 முதல் செய்து விற்றார்கள். பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய் வகை எண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அந்த எஞ்சினைத் தொழிற்சாலையிலேயே குறைந்த அழுத்தத்துக்குச் செய்திருந்தார்கள். மொறிஸ் மைனர் எஞ்சின் பெற்றோலுக்குப் பிறந்தது. அதில் தட்டல் நிற்க வேண்டுமென்றால் மெக்கானிக் கையில் இருந்த இலகுவான வழி, டிஸ்ரிபியூட்டரைத் திருப்பிப் பொறியைப் பிந்த வைப்பது. ரைமிங்கைப் பின்னுக்குத் தள்ளுவது. அந்த நேரத்துக்கு அது சரியான வைத்தியம்.

பிறகு பெற்றோல் வந்தது. தள்ளிய ரைமிங்கை எத்தனை பேர் திருப்பி வைத்தார்கள்? கார் ஓடுகிறதுதானே என்று விட்டவர்கள் இருப்பார்கள். பிந்திய ரைமிங்கின் குணம் அப்படி. ஸ்ரார்ட் பிடிக்கும், ஐடிலில் நிற்கும், தட்டாது. ஆனால் பாரம் ஏற்றினால் இழுக்காது, பெற்றோலைக் குடிக்கும், தண்ணீர் கொதிக்கும், நாள்பட எக்சோஸ் வால்வு கருகும். உடையவர் ரேடியேற்றரை மாற்றுவார், காபரேற்றரைக் கழுவுவார். வருத்தம் வேறிடத்தில் இருக்கும்.

சரி, இனி டிஸ்ரிபியூட்டரைக் கழற்றுவோம். கழற்ற முன்னர் முதலாம் சிலிண்டர்ப் பிளக்கை எடுத்து ஓட்டையில் விரலை வையுங்கள். ஸ்ரார்ட்டிங் ஹாண்டிலால் எஞ்சினைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளும்போது பிஸ்ரன் அமுக்கத்தில் மேலே வருகிறது. கீழே, செயின் மூடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பற்களில் நீளமானது உச்சியைக் காட்டும். புல்லியில் உள்ள வெட்டு அதற்கு நேரே வந்ததும் நிறுத்துங்கள். றோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசி கையில் இருக்கும்போது ஞாபகத்தை நம்பத் தேவையில்லை.

கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது நடுத்தண்டு. எங்கள் பக்கத்துப் பழைய பாஸ் ஒருவர் பொயின்ற் வாங்கிக்கொண்டு வருகிற பெடியன்களிடம் சொல்வது இது: "தம்பி, பொயின்ற்றைப் பிறகு பார்ப்பம். முதல்ல அந்தத் தண்டைப் பிடிச்சுப் பக்கவாட்டில ஆட்டிப் பாருங்கோ." ஆடினால், அதைப் பிடித்திருக்கும் புஷ் தேய்ந்துவிட்டது. பொயின்ற்றின் இடைவெளி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, ஏறத்தாழ 0.38 மில்லிமீற்றர். தண்டு அதில் ஐந்து பங்கு ஆடினால் இடைவெளியில் மூன்றில் ஒரு பங்கு ஒவ்வொரு சுற்றிலும் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு சிலிண்டருக்குப் பொறி முந்தும், இன்னொன்றுக்குப் பிந்தும். எத்தனை புதுப் பொயின்ற் போட்டாலும் இது மாறாது.

கீழ் நுனியில் உள்ள பின்னைத் தட்டி எடுத்தால் தண்டு மேலால் வரும். புதுப் புஷ் நுண்துளை உள்ள வெண்கலம். அதை ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறவிட்டுத்தான் இறுக்க வேண்டும். ரீமர் போட்டுக் குடைந்தால் துளைகள் அடைபட்டு, எண்ணெய் குடிக்கிற தன்மை போய்விடும். ஆகவே அளவைச் சரிபார்த்தே வாங்குங்கள்.

தண்டின் மேலே இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்பிறிங்குகளும் இருக்கும். வேகம் ஏற ஏற எடைகள் வெளியே விரிந்து பொறியை முந்த வைக்கும். வருடக்கணக்காக நின்ற காரில் கிறீஸ் காய்ந்து இவை அசையாமல் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் கழுவி, துளி எண்ணெய் விட்டு, விரலால் விரித்துப் பாருங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும். பல லூக்காஸ் டிஸ்ரிபியூட்டர்களில் ஒரு ஸ்பிறிங் மெல்லியது, இறுக்கமாக நிற்கும். மற்றது தடித்தது, தொளதொளவென்று கிடக்கும். பழுது என்று நினைத்து அதன் கண்ணை நெரித்து இறுக்கிவிடாதீர்கள். தாழ்ந்த வேகத்தில் மெல்லிய ஸ்பிறிங் மட்டும் இழுக்க வேண்டும், குறிப்பிட்ட வேகத்துக்குப் பிறகே தடித்தது சேர வேண்டும் என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இறுக்கினால் பொறி முந்த வேண்டிய இடத்தில் முந்தாது. மண்ணெண்ணெய்க் காலம் திரும்பவும் வந்துவிடும்.

அடுத்தது பொயின்ற் இருக்கிற தட்டு. வக்கியூம் குழாய் இந்தத் தட்டை இழுத்துத் திருப்பும். தட்டை உடம்போடு இணைக்க ஒரு சின்னத் துணி சுற்றிய ஏர்த் வயர் இருக்கும். வெளியே முழுதாகத் தெரியும். உள்ளே கம்பி அறுந்திருக்கும். ஐடிலில் நன்றாக நின்ற எஞ்சின், அக்சிலரேற்றரை மிதித்ததும் திக்கித் திக்கிச் செத்தால் இந்த வயரைச் சந்தேகியுங்கள். வக்கியூம் குழாயை யாராவது கழற்றி அடைத்து வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். குழாய் வாயில் உறிஞ்சினால் தட்டு அசைய வேண்டும், பிடித்து வைத்தால் அசைந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மெல்லிய தோல் கிழிந்துவிட்டது.

மூடியை வெயிலில் பிடித்து உட்பக்கம் பாருங்கள். உப்பாற்றிலும் கங்கையிலும் பாலங்கள் வரும்வரை எங்கள் கார்கள் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் அக்கரை போயின. உப்புக்காற்றும் மாரி ஈரமும் மூடிக்குள் போனால், ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்கு மெல்லிய கரிக்கோடு விழும். மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் அந்தக் கோட்டால் போய்விடும். கோடு விழுந்த மூடியைச் சுரண்டிப் பாவிக்க வேண்டாம், மாற்றுங்கள்.

திரும்பப் பூட்டும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். மேல் காமையோ அடிநுனிப் பல்லையோ 180 பாகை மாறிப் பூட்ட இடமிருக்கிறது. பூட்டினால் முதலாம் சிலிண்டருக்குப் போக வேண்டிய பொறி நாலாவதுக்குப் போகும், எஞ்சின் இருமும், பிடிக்காது. எடுத்த படம் இங்கேதான் உதவும். மற்றது, பொயின்ற் ஸ்பிறிங்கைப் பிடிக்கும் நட்டின் கீழுள்ள பிளாஸ்ரிக் வொஷர். வயர்கள் ஸ்பிறிங்கைத் தொட வேண்டும், ஆணியைத் தொடக் கூடாது. தொட்டால் பொறியே வராது. வயர்களை மூடியில் 1, 3, 4, 2 என்று, மேலிருந்து பார்க்க மணிக்கூடு சுற்றும் திசைக்கு எதிராகப் பூட்டுங்கள்.

ரைமிங் வைக்க ஒரு 12 வோல்ற் பல்ப் போதும். ஒரு வயரைக் கொயிலிலிருந்து டிஸ்ரிபியூட்டருக்கு வருகிற முனையிலும், மற்றதை எஞ்சின் உடம்பிலும் பிடியுங்கள். புல்லியின் வெட்டை உங்கள் எஞ்சினுக்குக் கைநூல் சொல்லும் பாகையில் வைத்து, சாவியைத் திறந்து, டிஸ்ரிபியூட்டரை மெல்லத் திருப்புங்கள். பல்ப் எரிகிற அந்தக் கணம்தான் பொயின்ற் திறக்கிற கணம். அங்கேயே இறுக்குங்கள். வேலை முடிந்ததும் சாவியை மூட மறந்தால் கொயில் சூடாகும்.

கைநூல் எழுதியவர்களுக்கு அறுபது வருடத்துக்குப் பிந்திய எங்கள் பெற்றோலைத் தெரியாது. ஆகவே கடைசிப் பரிசோதனை தெருவில். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, நாலாம் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது முழுக்க மிதியுங்கள். சமதரையான எங்கள் ஊரில் பாலத்து ஏற்றம் இதற்கு வசதி. தட்டினால் டிஸ்ரிபியூட்டரின் பக்கத்தில் உள்ள சின்னத் திருகை ஆர் என்ற எழுத்துப் பக்கம் கொஞ்சம் திருப்புங்கள், பொறி பிந்தும். தட்டாமல், ஆனால் மந்தமாக இழுத்தால் ஏ பக்கம், பொறி முந்தும். தட்டலுக்குச் சற்று இப்பால் நிற்பதே உங்கள் எஞ்சினுக்கும் உங்கள் பெற்றோலுக்கும் உரிய இடம்.

இனி ஒரு சின்னக் காரியம். அந்தக் காலத்தில் ரைமிங்கைத் தள்ளிய மெக்கானிக் தன் எண்ணெய்க்குச் சரியானதையே செய்தார். ஆனால் செய்ததை எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ரேடியேற்றரை மாற்றினார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற நாடு இது. இன்னொரு நாள் என்ன எண்ணெய் கிடைக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆகவே போனற்றின் உட்பக்கத்தில் பெயின்ற்றால் நான்கு விபரம் எழுதிவிடுங்கள்: பொயின்ற் இடைவெளி, ரைமிங் பாகை, எந்த ஒக்ரேன் பெற்றோலுக்கு வைத்தது, தேதி. அடுத்து போனற்றைத் திறக்கிறவர் அதிலிருந்து வேலையைத் தொடங்கட்டும்.