வங்கப் பஞ்சமும் பொருளியல் ஆய்வும்



பஞ்சம் எதனால் வருகின்றது என்று எவரை வினவினும், மழை பொய்த்தது, விளைவு குன்றியது, மக்கள் மடிந்தனர் என்றே விடை வரும். 1943-ஆம் ஆண்டு வங்கத்தைச் சூறையாடிய பஞ்சத்தை உசாவிய அரசுக்குழுவும் அரிசிப் பற்றாக்குறையையே அடிப்படைக் கரணியமாகக் கூறிற்று. மாண்டவர் 15 இலக்கம் என்பது அக்குழுவின் கணக்கு. ஏறத்தாழ 30 இலக்கம் என்பது பின்வந்த ஆய்வின் கணக்கு.

அவ்வாய்வைச் செய்தவர் அமர்த்தியா சென். பத்தகவை நிரம்பாத சிறுவராய்ச் சாந்திநிகேதனில் அப்பஞ்சத்தைக் கண்ணுற்றவர். வாயிலில் வந்து இரந்தோர்க்கு ஒரு சிறு தகரக்குவளை அளவே அரிசியிட வீட்டார் அவருக்கு இசைவளித்திருந்தனர். 1981-இல் அவர் வெளியிட்ட நூல் ஒரு கணக்கை முன்வைத்தது. 1943-இல் வங்கத்திலிருந்த அரிசி, முந்தைய ஐந்தாண்டு நிரவலினும் நூற்றுக்கு 5 அளவே குறைவு. 1941-இல் இருந்ததினும் நூற்றுக்கு 13 மிகுதி. 1941-இலோ பஞ்சமில்லை!

அங்ஙனமாயின் மக்கள் ஏன் மாண்டனர்? போர்ச்செலவு பணத்தைப் பெருக்கிற்று. கல்கத்தாத் தொழிலாளர்க்கு மலிவு விலையில் உணவு வழங்க அரசு முன்னின்றது, வணிகர் பதுக்கினர். 1942 திசம்பரில் மணங்கு 14 உருபாவுக்கு உட்பட்டிருந்த அரிசி, 1943 ஆகசுட்டில் 37 உருபாவுக்கு ஏறிற்று. உழவுக்கூலியின் கூலி அவ்வாறு ஏறவில்லை. சப்பானியர் கைப்பற்றக்கூடும் என்றஞ்சி, கரையோரப் படகுகளை ஆங்கில அரசு 1942-இலேயே அகற்றியதால், மீனவனும் பிழைப்பிழந்தான். முடிதிருத்துவோன் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பசித்தவன் முதலில் விட்டொழிப்பது முடிவெட்டிக் கொள்வதைத்தானே! அவன் கத்தரிக்கோலுக்கு ஈடாக வந்த அரிசி, நாள்தோறும் சுருங்கிற்று. நெல் விளைத்து அதனையே உண்ட சிறு உழவரும் குத்தகையாளரும் இவர்களினும் குறைவாகவே பாதிப்புற்றனர்.

தன் உழைப்பையோ உடைமையையோ கொடுத்து ஒருவன் உணவைப் பெறுதற்குள்ள வல்லமையைச் சென் ஓர் ஆங்கிலச் சொல்லாற் குறித்தார். தமிழில் அதனைப் 'பெறுதகவு' என்னலாம். 'உரிமை' என்று வாளா மொழிபெயர்ப்பின் சட்டப்பொருளே முந்துறும், கருத்துப் பிறழும். பெறுதகவு அற்றவன் நிறைந்த கடையின் முன்னேயே விழுந்து சாவான். கல்கத்தாத் தெருக்களில் நிகழ்ந்தது அதுவே.

வங்கத்து விளைச்சற் கணக்கே ஐயத்திற்குரியது, 1942-இல் நெற்பயிரைத் தாக்கிய நோயைச் சென் குறைத்து மதித்தார் என மறுப்போரும் உளர். ஆயினும் 1974-இல் வங்காளநாட்டிற் பஞ்சம் வந்தபோது, ஆளுக்குரிய உணவுக்கூலம் முன்பின் ஆண்டுகளினும் மிகுதியாகவே இருந்தது. அங்கே வெள்ளம் முதற்கண் பறித்தது கூலிவேலையை.

ஆய்வு வழிகாட்டுவதும் இங்கேதான். பெறுதகவு போயின் அதனை மீட்டளித்தல் வேண்டும். அதற்குக் கஞ்சித்தொட்டியினும் கூலியே சிறந்தது. 1972-73-இல் மராட்டிய மாநிலத்தில் மழை பொய்த்து விளைவு பெரிதும் வீழ்ந்தது. அரசு சாலையிடவும் குளந்தோண்டவும் ஆட்களை அழைத்தது. உச்சநிலையில் ஏறத்தாழ 50 இலக்கம் பேர் அவ்வேலைகளில் இருந்தனர். கையிற் கூலி வந்ததும், அதனை நாடிப் பிறபகுதிக் கூலம் வணிகர் வழியே தானே வந்து சேர்ந்தது. அவ்வாண்டு அங்குப் பஞ்சச்சாவு பெருகவில்லை.